சாக்லேட் வாங்கியவன்

நைஜீரிய எழுத்தாளர் சினுவா ஆச்சிபியின் ‘கழுகுகள்’ கவிதை, கொடியவனுக்குள்ளும் அன்பு உண்டு என்று நம்மைத் தேற்றுகிறதாம். இந்த வாசிப்பை என்னால் ஏற்கவே முடியாது. பிணம் தின்ற கழுகு இணையோடு ஒட்டி அமர்ந்திருக்கிறது. நாஜிகளின் பெல்சன் வதைமுகாமின் தளபதி வீடு திரும்பும் வழியில் பிள்ளைக்குச் சாக்லேட் வாங்குகிறான். இதற்காக இறைவனுக்கு நன்றி சொல்லலாம், நம்பிக்கை இழக்கவும் செய்யலாம் என்கிறார் ஆச்சிபி. ஆனால் கவிதை முடிவது இரண்டாவதில்தான்: சொந்த ரத்தத்தின்மேல் வைக்கும் பாசத்துக்குள்ளேயே தீமை அழியாமல் குடியிருக்கிறது. நைஜீரியாவிலிருந்து பிரிந்து 1967 முதல் 1970 வரை போரிட்ட பியாஃப்ராவில், குழந்தைகள் பட்டினியால் மடிந்த மண்ணில் வாழ்ந்தவர் அவர். அந்த மண்ணை முற்றுகையிட்டவர்களும் பிள்ளை பெற்றவர்கள்தானே! தளபதியின் சாக்லேட் முகாமிலிருந்த ஒரு குழந்தையையும் காப்பாற்றவில்லை. அதில் என்ன ஆறுதல் கண்டீர்கள்?