ஏட்டில் ஓடினால் போதுமா?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (கணிதம்)

அறிவியல் மனிதனுக்குப் புதிய கண்களைத் தந்தது. அந்தக் கண்கள் எதைப் பார்க்க வேண்டும், எதைப் பார்க்கக் கூடாது என்று முடிவு செய்ய வேண்டியவன் மனிதனே.

நமக்கு வேண்டிய செய்தியை நேரே கேட்காமல், இடையில் நிற்கும் ஒரு கணினி நமக்காகக் கேட்டு வாங்கித் தருமானால் அதனைப் பிராக்சி சர்வர் என்கிறோம். பிறர் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்து அது செய்தி அனுப்பும்போது, தணிக்கை மிகுந்த நாட்டில் வாழ்பவருக்கு அதுவே சன்னல். தன்னார்வலர்களின் ஆயிரக்கணக்கான கணினிகளால் இயங்கும் ‘டோர்’ வலையமைப்பு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

இக்கணினிகள் ஓடுகின்றனவா என்று பார்ப்பது யார்? பத்துக்கும் குறைவான பொறுப்புக் கணினிகள் அவற்றைத் தொடர்பு கொண்டு பார்த்து, மணிக்கொரு முறை வாக்களித்து, பெரும்பான்மைப்படி பட்டியல் வெளியிடுகின்றன. எந்த ஒருவரின் சொல்லையும் மட்டும் நம்ப வேண்டியதில்லை. அழகான ஏற்பாடுதான்!

ஆனால் பட்டியல் முழு உண்மையைச் சொல்லிவிடுமா? ஒரு சர்வர் நூற்றுக்கு 99 பங்கு நேரம் ஓடியது என்றால் கைதட்டுவோம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஆண்டில் 87 மணி 36 நிமிடம் அது ஓடவில்லை. அந்த மணிகள் யாருடைய ஆபத்து வேளையோ?

இன்னொன்றும் உண்டு. 2022 செப்டம்பரில் மாஸா அமினியின் சாவையடுத்து ஈரானில் கிளர்ச்சி வெடித்தது. டோரின் ‘ஸ்னோஃப்ளேக்’ வழியை ஏராளமானோர் நாடினர். அக்டோபர் தொடக்கத்தில் அந்த எண்ணிக்கை திடீரெனச் சரிந்தது. வெளிநாடுகளில் கணினிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. தொடர்பைத் தொடங்க மென்பொருள் அனுப்பும் முதல் செய்தியின் அமைப்பைக் கண்டுகொண்டு, அதைத் தடுத்துவிட்டனர். மேல்நிலைத் தொட்டி நிரம்பியது என்று ஏட்டில் எழுதிவிட்டால் கடைசித் தெருக் குழாயில் தண்ணீர் வந்துவிடுமா?

ஆகவே, பயன்படுத்துபவர் நிற்கும் இடத்திலிருந்தும் அளக்க வேண்டும் என்பது என் கருத்து. 2012 முதல் ‘ஊனி’ என்னும் திட்டம் தன்னார்வலர்களின் சொந்தக் கருவிகளிலிருந்தே அளக்கிறது. அவ்வாறு அளப்பவருக்கு ஆபத்து நேரலாம் என்று முன்கூட்டியே எச்சரித்து, இசைவு பெற்ற பிறகே அளக்கிறது. அதுவே நேர்மை.

“யார் வந்தார், எப்போது வந்தார் என்று குறித்து வைத்தால்தானே குறை தெரியும்?” என்பர் சிலர். நான் உடன்படவில்லை. அந்தக் குறிப்பேடு பகைவர் கையில் சிக்கினால் அதுவே கைதுப் பட்டியல். டோரின் மறைமுக வாயில்களில் நாடுவாரியான எண்ணிக்கையை அப்படியே வெளியிடாமல், எட்டின் மடங்காக உயர்த்தியே வெளியிடுகிறார்கள். துல்லியத்தைப் போற்றும் கணித மாணவன் நான். வேண்டுமென்றே மழுக்கப்பட்ட இந்த எண்ணையும் போற்றுகிறேன். சர்வரின் நலம் அதில் தெரிகிறது. மனிதனின் முகம் தெரிவதில்லை.

என் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எழுத்தறியாத என் அன்னை, எந்தத் தாளில் கைநாட்டு வைக்கும் முன்னும், “இது யார் கைக்குப் போகும்?” என்று கேட்பார். கணினியை ஆளப்போகும் நண்பர்களே, பட்டம் பெறப்போகும் நாமும் அதைக் கேட்க வேண்டாமா?

சர்வர்களைக் கணக்கெடுப்போம், மனிதர்களைக் காட்டிக்கொடாதிருப்போம்!