120 நாள்களும் ஒரு தாயும்

கருவிலுள்ள குழவியின் குறையறியும் பரிசோதனை எதுவாயினும் ஹராம், தவக்குலுக்கு விரோதம் என்போர் நம் கம்பம் பள்ளத்தாக்கிலும் உளர். நாம் இதனை மறுக்கின்றோம்.

இவ்வச்சத்திற்கு வேர் உண்டு. 1980-களில் உசிலம்பட்டி வட்டாரத்துப் பெண்சிசுக் கொலைகள் நாடெங்கும் பேசப்பட்டன. 1992-இல் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-இல் தேனிக்கும் வர வேண்டியதாயிற்று. ஆயினும் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது கருவின் பாலை வெளியிடுவதைத்தான். பரம்பரை நோயை அறிவதையன்று. உயிரோடு புதைக்கப்பட்ட பெண்மகவைக் குறித்துத் தக்வீர் அத்தியாயம் எழுப்பும் வினாவை, தன் மகவின் நோயை அறிய நடுங்கி நிற்கும் தாய்மீது ஏவுவது எவ்வகை இல்மு?

இமாம் கஸ்ஸாலி கருச்சிதைவை எந்நிலையிலும் கண்டித்தார் என்பது உண்மை. ராவுத்தர் பெருமக்கள் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபின் அறிஞர் பலரோ, ரூஹு ஊதப்படும் 120 நாளுக்கு முன் தக்க காரணமிருப்பின் இடமுண்டு என்றனர். 1990-இல் மக்காவில் கூடிய ராபித்தாவின் ஃபிக்ஹு சபையும், சிகிச்சைக்கு அடங்காத கடுங்குறையென மருத்துவர் குழு உறுதிசெய்தால், பெற்றோர் விருப்பத்தின்மேல் அக்கெடுவுக்குள் அனுமதித்தது. அதன் பின்னரோ தாயின் உயிருக்கு ஆபத்து இருந்தாலன்றி இல்லை.

இனிக் கணக்கைப் பாருங்கள். மருத்துவர் கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணுவர். கருத்தரித்த நாள்முதல் 120 என்பது அவர் கணக்கில் ஏறக்குறைய 19 வாரம். உறுப்புக்குறை காட்டும் ஸ்கேனோ 18 முதல் 22 வாரத்திற்குள் எடுக்கப்படுவது. பனிக்குட நீர்ச் சோதனை 15 வாரத்திற்குமேல். முடிவு வர இன்னும் நாளாகும். 11 முதல் 13 வாரத்திலேயே குருதிச் சோதனையும் ஸ்கேனும் உள்ளன. அப்போது "வேண்டாம்" என்று தடுத்துவிட்டு, ஐந்தாம் மாதத்தில் குறை தெரிந்தபின் "கெடு கடந்தது" என்று கைவிரிப்பது என்ன நியாயம்? 2021-இன் சட்டத்திருத்தம் 24 வாரம் கடந்தும் மருத்துவ வாரியத்தின் வழியே வாசல் திறக்கிறது. மார்க்கத்தின் வாசல் அதற்கு வெகுமுன்பே அடைபட்டுவிடுகிறது.

எதிர்ப்புறத்தாரும் நம் கண்டனத்திற்கு உரியவரே. முதற்குருதிச் சோதனை சொல்வது சாத்தியக்கூறு மட்டுமே, உறுதியன்று. அதற்குள் "கலைத்துவிடு" என்று புகுந்த வீட்டார் நெருக்குகின்றனர். அறிந்தபின் பெற்று வளர்க்க அவள் துணிந்தால், அத்துணிவுக்கும் வசை! அத்தை மகனுக்கு அவளைக் கட்டிவைத்தவர்கள் பெரியோர். தலசீமியா பெருநோயாக வருவது தாய், தந்தை இருவர் வழியும் சேர்ந்தால்தான். பழி மட்டும் அவள் வயிற்றுக்கு!

உறுப்பு உருவான நிலையில் சிதைந்த கருவைத் துணியில் சுற்றி அடக்க ஹனஃபி ஃபிக்ஹு வழி சொல்கிறது. அவள் அழுவதற்கு ஓர் அறையைத்தான் நம் வீடுகள் ஒதுக்குவதில்லை. ஃபத்வா கேட்டு அவள் வந்தால், ஆலிம் பெருமக்கள் கிதாபைத் திறக்குமுன் "எத்தனையாவது வாரம், மகளே?" என்று வினவட்டும்.