டென்னிஸ் துரைமார் விளையாட்டா?

டென்னிஸ் என்றதும் நம்மவர்களுக்குச் சிரிப்பு வரும். "அது துரைமார் ஆட்டம், டிரெசர் ஐயா. நமக்கு எதுக்கு?" என்பார்கள். அப்படிச் சொல்லக் காரணம் உண்டு. பழைய தோட்டங்களில் கிளப்புக்குப் பக்கத்தில் கம்பி வலை போட்ட கோர்ட் ஒன்று இருக்கும். நம் பெரியவர்கள் அங்கே ரோலர் இழுத்தார்கள், கோடு போடச் சுண்ணாம்பு கரைத்தார்கள், பிள்ளைகள் பந்து பொறுக்கினார்கள். மட்டையை மட்டும் யாரும் கையில் கொடுக்கவில்லை.

இன்றைக்கு அந்தக் கோர்ட்டுகளில் சில சும்மா கிடக்கின்றன. எனக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில் கதவுக்குப் பூட்டு, பூட்டுக்குத் துரு, உள்ளே முழங்கால் உயரம் லாலான். சாவி எங்கே என்று கேட்டால் கிராணியார் மானேஜரைக் காட்டுகிறார், மானேஜர் கம்பெனியைக் காட்டுகிறார். இது என்ன நியாயம்?

சுகாதாரப் பகுதியில் இதை ஏன் எழுதுகிறேன் என்று கேட்கலாம். 2019இல் சுகாதார அமைச்சு எடுத்த ஆய்வில், இந்நாட்டுப் பெரியவர்களில் நூற்றுக்கு 18 பேருக்கு இனிப்பு நீர் இருப்பது தெரிந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அதிகம். பால் வெட்டுகிறவர் காட்டில் நடக்கிறார், சரி. வீட்டோடு இருக்கும் அம்மா, டிராக்டர் ஓட்டுகிறவர், வேலை ஓய்ந்த தாத்தா, கைப்பேசியே கதியென்று கிடக்கும் பிள்ளை, இவர்கள் எங்கே நடக்கிறார்கள்? பெரியவர்களுக்கு வாரத்தில் 150 நிமிடமாவது உடல் அசைவு வேண்டும், பிள்ளைகளுக்குத் தினமும் ஒரு மணி நேரம் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். சாயங்காலம் திடலில் இளவட்டங்கள் காற்பந்து ஆடுகிறார்கள். நம் பெண்கள் அந்தப் பக்கமே போவதில்லை. வேலி போட்ட கோர்ட்டில் அம்மாவும் மகளும் கூச்சமில்லாமல் ஆடலாம்.

பெரிய கோர்ட் 78 அடி நீளம், 36 அடி அகலம். சின்னப் பிள்ளைகளுக்கு அவ்வளவு வேண்டாம். மெதுவாக எழும்பும் சிவப்புப் பந்து என்று ஒன்று இருக்கிறது. அதற்கு 36 அடி நீளம், 18 அடி அகலம் போதும். நம் பூப்பந்துத் திடலே 44க்கு 20. வலையைத் தாழ்த்தி இரண்டரை அடிக்குச் சற்று மேலே கட்டினால் டென்னிஸ் தயார். அதுவும் இல்லையா, ஒரு நல்ல சுவர் இருந்தால் ஒற்றை ஆளாகவே அடித்துப் பழகலாம். ஆனால் உர ஸ்டோர், மருந்து ஸ்டோர் சுவர்ப் பக்கம் பிள்ளைகளை விடாதீர்கள்.

பட்டணத்தில் நகராண்மைக் கழகத்துக் கோர்ட்டுகள் இருக்கின்றன. எந்த நேரம் இலவசம், விளக்குக்குத் தனிக் காசா என்று நேரில் கேளுங்கள். பக்கத்து இடைநிலைப் பள்ளியில் கோர்ட் இருந்தால், பெற்றோர் சேர்ந்து தலைமையாசிரியரைப் பாருங்கள். 2015 முதல் அக்டோபர் இரண்டாம் சனிக்கிழமை தேசிய விளையாட்டு நாள். அன்றைக்குப் பல ஊர்களில் இலவச நிகழ்ச்சிகள் நடக்கும், பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள்.

ஆனாலும் போக வரச் செலவு பத்து வெள்ளி, இருபது வெள்ளி ஆனால் அது என்ன இலவசம்? நமக்குக் கிட்டத்தில் இருப்பது அந்தப் பூட்டிய கோர்ட்தான். ஆயாக் கொட்டகை, மருத்துவம் இவற்றோடு சமூக வசதிகளையும் முதலாளியின் பொறுப்பாகச் சொல்கிறது 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம். ஆகவே தனித்தனியாகப் போய்க் கெஞ்ச வேண்டியதில்லை. கிளைச் செயலவை கூடி மானேஜருக்குக் கடிதம் எழுதட்டும்: வாரத்தில் மூன்று நாள், மாலை 5 முதல் 7 வரை, அதில் ஒரு நாள் பெண்களுக்கு மட்டும். புல் வெட்டுவதும் கூட்டுவதும் நம் பொறுப்பு என்றும் சேர்த்து எழுதுங்கள். அப்புறம் மறுக்க என்ன காரணம் சொல்வார்கள், பார்ப்போம்.

இனிப்பு நீருக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் ஆட வேண்டாம், பையில் இனிப்பு மிட்டாய் இருக்கட்டும். சிலிப்பர் கூடாது, காலுறையோடு கேன்வாஸ் சப்பாத்து போடுங்கள், ஆடி முடித்ததும் பாதத்தில் கொப்புளம் இருக்கிறதா பாருங்கள். நடந்தாலே நெஞ்சு அடைக்கிறது என்பவர்கள் மட்டையைத் தொடுமுன் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டுப் போங்கள்.