சாலை வளைந்து போகட்டும். சிகிச்சை மையம் இருக்கட்டும்

மேம்பாலமோ சுற்றுச்சாலையோ விரைவுச்சாலையோ, நகரங்களில் எந்தத் திட்டம் வந்தாலும் வரைபடத்தில் கோடு இழுப்பவர்களின் பார்வை முதலில் பொது நிலத்தின் மீதே விழுகிறது. தனியார் நிலம் என்றால் இழப்பீடு தர வேண்டும், வழக்கு வரும், காலம் நீளும். அரசுப் பள்ளியின் விளையாட்டுத் திடல், அரசு மருத்துவமனையின் வளாகம் என்றால் ஒரு துறை எழுதும் கடிதத்திற்கு மற்றொரு துறை ஒப்புதல் தந்துவிட்டால் போதும். இப்படிப் பறிபோகக்கூடிய பொது இடங்களிலேயே மிகவும் ஆதரவற்றது அரசு போதை மீட்பு சிகிச்சை மையம்.

பள்ளிக்கூடத்தை இடிக்க வந்தால் பெற்றோர் தெருவுக்கு வருவர். மகப்பேறு மருத்துவமனையை இடிக்க வந்தால் ஊரே திரளும். போதை மீட்பு மையத்தை இடிக்க வந்தால், அங்கே சிகிச்சை பெறுவோர் தம் பெயரைச் சொல்லிக்கொண்டு தெருவுக்கு வர முடியாது. அவர்களது குடும்பத்தாரும் வெளியே சொல்லத் தயங்குவர். அக்கம்பக்கத்தாரில் பலர், தொல்லை ஒழிந்தது என்றே நினைப்பர். அரசு இந்த மௌனத்தைச் சம்மதமாகக் கணக்கெழுதிக்கொள்கிறது. இந்த மௌனத்தை உடைக்கும் பொறுப்பு, உழைக்கும் மக்களின் கட்சிகளுக்கு உண்டு.

எத்தனை பேர், எத்தனை இடம்

போதைப் பழக்கத்தைத் தனிமனித ஒழுக்கக்கேடாகப் பார்ப்பவர்கள் 2019ஆம் ஆண்டு வெளியான தேசிய ஆய்வைப் படிக்க வேண்டும். ஒன்றிய சமூக நீதி அமைச்சகத்திற்காக எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய போதைச் சார்பு சிகிச்சை மையம் நடத்திய ஆய்வு அது. 10 முதல் 75 வயதுக்குட்பட்ட இந்தியர்களில் ஏறத்தாழ 16 கோடிப் பேர் மது அருந்துகின்றனர். அவர்களில் 5.7 கோடிப் பேருக்கு மதுவால் நேர்ந்த பாதிப்புக்கு உதவி தேவைப்படுகிறது. ஹெராயின், அபின் போன்றவற்றால் பாதிக்கப்பட்டு உதவி தேவைப்படுவோர் 77 லட்சம் பேர். பசை, பெயிண்ட் கரைப்பான் போன்றவற்றை முகர்ந்து பாதிக்கப்பட்ட குழந்தைகள் மட்டும் 4.6 லட்சம்.

இவர்களுக்குக் கிடைக்கும் சிகிச்சை எவ்வளவு? மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றதாகக் கூறியுள்ளார். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேரில் ஒருவர். அதாவது, இந்த நாட்டில் போதை மீட்பு சிகிச்சைக்கான ஒவ்வொரு அரசுப் படுக்கையும் அரிதானது. ஒன்றை இழந்தால் பக்கத்தில் இன்னொன்று இருக்கிறது என்று சொல்லும் நிலையில் எந்த மாநிலமும் இல்லை.

இந்த ஆய்வை நடத்திய மையத்தின் வரலாறே ஒரு சான்று. 1988இல் தில்லியின் தீனதயாள் உபாத்யாய மருத்துவமனையில் தொடங்கிய அது, 2003இல் தேசிய மையமாகத் தரம் உயர்த்தப்பட்டு, உத்தரப்பிரதேசத்தின் காசியாபாத்திலிருந்து இயங்குகிறது. நாட்டின் தேசிய மையம் என்று பெயர் பெற்ற அங்கே இருப்பவை 50 படுக்கைகள். ஆயினும் மருத்துவர்களையும் செவிலியர்களையும் பயிற்றுவிப்பது, திரிலோக்புரி போன்ற ஏழை மக்கள் குடியிருப்புகளில் சமூக மருந்தகம் நடத்துவது, நாடு தழுவிய ஆய்வுகளை மேற்கொள்வது எனப் பல பணிகளை அது செய்கிறது. பல ஆண்டுகளாகச் சேர்ந்த அனுபவமும் நோயாளிகளின் நம்பிக்கையும் சேர்ந்ததே ஒரு சிகிச்சை மையம். கட்டடத்தைப் பெயர்த்து வேறிடத்தில் வைப்பதுபோல் அவற்றைப் பெயர்த்து வைக்க முடியாது.

நாள்தோறும் வர வேண்டிய இடம்

இச்சிகிச்சை நடைபெறும் முறையை அறியாதவர்களே, ஊருக்கு வெளியே 20 கிலோமீட்டரில் வேறு இடம் தருகிறோம் என்று எளிதாகச் சொல்வர். ஹெராயினுக்கு அடிமையானவருக்கு மாற்று மருந்து சிகிச்சை தரப்படுகிறது. புப்ரெனார்பின் என்னும் மாத்திரையைச் செவிலியரின் கண்முன் நாக்கின் அடியில் வைத்துக் கரையவிட வேண்டும். பெரும்பாலான மையங்களில் நோயாளி இதற்காகத் தினந்தோறும் வந்தாக வேண்டும். இச்சிகிச்சை மாதக்கணக்கில், பலருக்கு ஆண்டுக்கணக்கில் நீள்கிறது.

வருபவர் யார்? சித்தாள், சுமைதூக்குபவர், ரிக்‌ஷா இழுப்பவர், குப்பை பொறுக்குபவர், லாரி ஓட்டுநர். காலையில் மாத்திரை வாங்கிக்கொண்டு அன்றாடக் கூலி வேலைக்குப் போகிறவர்கள். மையம் இரண்டு பேருந்து மாறிச் செல்லும் தொலைவுக்குப் போய்விட்டால், அவர் அன்றைய கூலியையும் மருந்தையும் எடைபோட வேண்டியிருக்கும். கூலியை விட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. மருந்தை விட்டால் சில நாட்களிலேயே உடல்வலியும் வாந்தியும் நடுக்கமும் அவரைப் பழைய இடத்திற்கே இழுத்துச் செல்லும். சிகிச்சைக்காலத்தில் ஹெராயினைத் தாங்கும் ஆற்றல் உடலில் குறைந்திருக்கும். அந்நிலையில் பழைய அளவையே மீண்டும் எடுத்துக்கொள்பவர் இறந்துபோகும் ஆபத்து மிக அதிகம். எனவே சிகிச்சை மையத்தின் கதவு சில வாரங்கள் மூடிக்கிடந்தாலும் அது உயிர்ப்பிரச்சனையாகும்.

பாஸ்டன் தரும் பாடம்

இது கற்பனையான அச்சம் அல்ல என்பதற்கு அமெரிக்காவின் பாஸ்டன் நகரம் சான்று. அந்நகரின் துறைமுகத்தில் உள்ள லாங் ஐலண்ட் தீவில், நகராட்சிக்குச் சொந்தமான வளாகத்தில், வீடற்றோருக்கான பெரிய காப்பகமும் போதை மீட்பு சிகிச்சைத் திட்டங்கள் பலவும் இயங்கின. அங்கே செல்ல ஒரே பாலம், 1951இல் கட்டப்பட்டது. பல்லாண்டுகள் பராமரிப்பின்றி விடப்பட்ட அந்தப் பாலம் பாதுகாப்பற்றது என்று 2014 அக்டோபர் 8 அன்று திடீரென மூடப்பட்டது. தீவில் இருந்த நூற்றுக்கணக்கானோர் உடுத்திய உடையோடு வெளியேற்றப்பட்டனர். பாலம் மறு ஆண்டு அகற்றப்பட்டது. புதிய பாலம் கட்டி வளாகத்தை மீட்போம் என்று 2018இல் நகர நிர்வாகம் அறிவித்தது. பாலத்தின் மறுமுனையில் இருக்கும் குவின்சி நகரம் எதிர்த்தது. வழக்குகளும் அனுமதிகளுமாக ஆண்டுகள் ஓடின. பத்தாண்டுகள் கடந்த பின்னும் அங்கே சிகிச்சை மீண்டும் தொடங்கவில்லை. இதற்கிடையே பாஸ்டனின் இரு பெரும் சாலைகள் சந்திக்கும் இடத்தில் வீடற்றோரும் போதையில் வீழ்ந்தோரும் கூடாரம் அடித்துத் தங்கினர். பின்னர் அந்தக் கூடாரங்களையும் காவல்துறை அகற்றியது.

உலகின் மிகச் செல்வம் படைத்த நாடொன்றில், சிறந்த மருத்துவக் கல்லூரிகள் நிறைந்த நகரில் நடந்தது இது. அங்கே பாலம் இல்லாமல் மையம் போயிற்று. இங்கே சாலைக்காக மையம் போகும் என்பதே வேறுபாடு. தற்காலிகமாக மூடுகிறோம் என்று அரசு சொல்லும்போது அதன் பொருள் என்ன என்பதை பாஸ்டன் காட்டிவிட்டது. இங்கே கொடுக்கப்படும் வாக்குறுதிக்கு அதைவிடக் கூடுதல் ஆயுள் இருக்கும் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை.

சட்டத்தில் உள்ள ஓட்டை

பெரும் போராட்டங்களின் விளைவாக வந்த 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம், சமூகத் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது. மாற்று இடம் ஆராயப்பட்டதா, கேட்கும் நிலம் உண்மையிலேயே தேவையான குறைந்தபட்ச அளவுதானா, மருத்துவ வசதி உள்ளிட்ட பொது வசதிகளுக்கு என்ன பாதிப்பு என்பவற்றை அந்த மதிப்பீடு பார்க்க வேண்டும். ஆனால், தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தின்கீழ் எடுக்கப்படும் நிலத்திற்கு இந்த மதிப்பீடு தேவையில்லை என்று அதே சட்டம் விலக்கு அளித்தது. அரசின் நிலத்தை அரசே ஒரு துறையிலிருந்து மற்றொரு துறைக்கு மாற்றிக்கொள்ளும்போது அது கையகப்படுத்தலே அல்ல என்றாகிவிடுகிறது. ஒரு குடும்பத்தின் வீட்டுமனைக்குக் கிடைக்கும் விசாரணைகூட, ஆயிரக்கணக்கானோர் உயிர் பிழைக்க வரும் அரசு மருத்துவமனைக்குக் கிடைப்பதில்லை.

மறுபுறம், நோயாளிகளின் உரிமை எழுத்தில் இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் மது, போதைப்பொருள் சார்ந்த மனநலக் கோளாறுகளையும் உள்ளடக்கியது. கட்டுப்படியாகும் செலவில், போதிய அளவில், எளிதில் சென்றடையும் தொலைவில் அரசின் சிகிச்சை கிடைப்பது ஒவ்வொருவரின் உரிமை என்று அது கூறுகிறது. சிகிச்சை மையத்தை ஊருக்கு வெளியே தள்ளுவது இந்தச் சட்டத்திற்கே எதிரானது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு, போதைக்கு அடிமையானவர் சிறு குற்றங்களில் சிக்கும்போது, அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் தானாக முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து பாதுகாப்பு அளிக்கிறது. மையமே இல்லாத ஊரில் இந்தப் பாதுகாப்பு ஏட்டுச் சுரைக்காய்தான். ஏழைக்கு எஞ்சுவது சிறை மட்டுமே.

நிதி இல்லை என்ற காரணத்தையும் ஏற்பதற்கில்லை. ரயிலிலிருந்து விழுந்து காயமடைந்த ஓர் உழைப்பாளிக்குக் கொல்கத்தாவின் அரசு மருத்துவமனைகள் படுக்கை இல்லை என்று கைவிரித்த வழக்கில், விவசாயத் தொழிலாளர்களின் அமைப்பு ஒன்று உச்ச நீதிமன்றம் சென்றது. தக்க நேரத்தில் சிகிச்சை மறுப்பது உயிர்வாழும் உரிமையை மீறுவதாகும், நிதிப் பற்றாக்குறையை அரசு சாக்காகச் சொல்ல முடியாது என்று 1996இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025-26ஆம் ஆண்டின் ஒன்றிய பட்ஜெட்டில் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்திற்கு ஒதுக்கப்பட்டது சுமார் 2.87 லட்சம் கோடி ரூபாய். சுகாதார அமைச்சகத்திற்கு 1 லட்சம் கோடியைக்கூட எட்டவில்லை. பணம் இருக்கிறது, அது எங்கே போகிறது என்பதே கேள்வி.

அந்த இடத்திற்கு வருவது யார்?

அரசு மையம் போனால் அந்த வெற்றிடம் வெறுமையாக இருக்காது. பணம் உள்ளவர் தனியார் மருத்துவமனைக்குச் செல்வார். பணம் இல்லாதவரைக் குடும்பத்தார் கடன் வாங்கி, முறையான மருத்துவரோ கண்காணிப்போ இல்லாத மறுவாழ்வு இல்லங்களில் கொண்டுபோய் விடுவர். அடித்தும் அடைத்துவைத்தும் ‘திருத்துகிற’ இடங்கள் நாடெங்கும் உள்ளன. அரசு கைகழுவிய இடத்தில் என்ன நடக்கும் என்பதை ஏர்வாடி சொல்லும். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே தனியார் காப்பகம் ஒன்றில் எழுந்த தீயில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் கருகி மாண்டனர்.

சாலையும் மக்களுக்குத்தானே என்று கேட்கப்படும். ஆம், ஆம்புலன்சும் பேருந்தும் சரக்கு லாரியும் ஓட நல்ல சாலை வேண்டும். இடதுசாரி இயக்கம் சாலைக்கு எதிரி அல்ல. ஆனால், கோயில் வந்தால் சாலை வளைகிறது. செல்வாக்குள்ளவரின் மாளிகை வந்தால் வளைகிறது. வணிக வளாகத்திற்காக மேம்பாலத்தின் இறங்குமிடமே மாறுகிறது. சிகிச்சை மையம் வரும்போது மட்டும் பொறியியல் விதிகள் அசையாத விதிகளாகிவிடுவது ஏன்? நெடுந்தொலைவு ஓடும் ஓட்டுநர் தூக்கத்தை விரட்டப் போதையை நாடுவதையும், சாலை போடும் தொழிலாளி உடல்வலி மறக்கக் குடிப்பதையும் அறிந்தவர்கள், சாலைக்கும் சிகிச்சைக்கும் இடையே சாலையை மட்டும் தேர்ந்தெடுக்க மாட்டார்கள்.

கோரிக்கைகளும் கடமையும்

எந்தச் சாலைத் திட்டம் எந்த அரசு போதை மீட்பு மையத்தைத் தொட்டாலும், வைக்க வேண்டிய கோரிக்கைகள் தெளிவானவை. முதலாவதாக, மையத்தைத் தவிர்க்கும் மாற்று வழித்தடம் பகிரங்கமாக ஆராயப்பட வேண்டும். மருத்துவர்கள், ஊழியர்கள், நோயாளிகளின் குடும்பத்தார் ஆகியோரின் கருத்தைக் கேட்காமல் நில மாற்றத்திற்கு ஒப்புதல் தரக் கூடாது. இரண்டாவதாக, வேறு வழியே இல்லை என்று நிறுவப்பட்டால், அதே பகுதியில் புதிய மையம் கட்டப்பட்டு, படுக்கைகளும் பணியாளர்களும் குறையாமல் அது இயங்கத் தொடங்கிய பிறகே பழைய மையத்தின் மீது கைவைக்கலாம். ஒரு நாள்கூட மருந்து தடைபடக் கூடாது. மூன்றாவதாக, எஞ்சும் நிலம் வணிகத்திற்கு விற்கப்படாமல் மருத்துவப் பயன்பாட்டிற்கே இருக்க வேண்டும். நான்காவதாக, ஒப்பந்த அடிப்படையில் உழைக்கும் செவிலியர்களும் ஆலோசகர்களும் நிரந்தரமாக்கப்பட வேண்டும்.

இக்கோரிக்கைகளை யார் எழுப்புவது? 1992இல் ஆந்திராவின் நெல்லூர் மாவட்டத்தில் தூபகுண்டா கிராமத்துப் பெண்கள், எழுத்தறிவு இயக்கத்தில் கற்ற எழுத்தின் துணையோடு சாராயக்கடைக்கு எதிராகக் கிளம்பினர்; மறு ஆண்டே அம்மாநிலத்தில் சாராயம் தடைசெய்யப்பட்டது. அந்த மரபு இடதுசாரிகளுக்கு உரியது. மதுக்கடையை மூடக் கோரும் அதே பெண்களின் கணவர்களும் பிள்ளைகளும் நடுங்கும் கைகளோடு எங்கே போவது என்ற கேள்விக்கு விடையாக இருப்பவை இந்த மையங்கள். கடையை மூடும் போராட்டமும் மையத்தைக் காக்கும் போராட்டமும் ஒரே போராட்டத்தின் இரு கைகள்.

இதற்கு முன்பாகக் கட்சிக் கிளைகளுக்குள்ளேயே ஒரு தயக்கம் களையப்பட வேண்டும். குடிகாரன் என்று ஒருவரை ஒதுக்கும் பார்வை, அவரைச் சுரண்டும் அமைப்பைத் தப்பவிடுகிறது. காச நோயாளிக்காகப் பேசுவது போலவே போதை நோயாளிக்காகவும் தொழிற்சங்கமும் மாதர் அமைப்பும் வாலிபர் அமைப்பும் பேச வேண்டும். தம் பெயரைச் சொல்ல முடியாதவர்களுக்காகத் தன் பெயரில் மனுக் கொடுப்பதற்கும், தன் கொடியின் கீழ் கூட்டம் கூட்டுவதற்கும் ஒரு கட்சி வேண்டும். புல்டோசர் வந்து நின்ற பிறகு அல்ல, வரைபடத்தில் கோடு விழும் நாளிலேயே அந்தப் பணி தொடங்க வேண்டும்.