குளிசையைத் தந்தார்கள், எச்சரிக்கையை எங்கே வைத்தார்கள்?

உறுதியில் ஒப்பம் வாங்கிக்கொண்டு அதன் வாசகத்தை மறைத்தால், அவ்வுறுதி நீதிமன்றில் நில்லாது. ஆனால், நோயாளியின் கையில் மருந்தைக் கொடுத்து, அதன் எச்சரிக்கையை அவனறியா மொழியில் அச்சிட்டு அனுப்பும் வழக்கம் நம் குடாநாட்டில் ஆண்டாண்டாக நின்று நிலவுகின்றது. இதைக் கேட்பார் இல்லையா?

அமிற்றிரிப்டிலீன் என்னும் மருந்தையே எடுத்துக்கொள்வோம். 1957ஆம் ஆண்டில், றோலண்ட் கூன் என்னும் சுவிற்சர்லாந்து வைத்தியர் இமிப்ரமின் என்னும் மருந்து மனச்சோர்வைத் தணிப்பதை உலகுக்கு அறிவித்தார். அதன் வழிவந்ததே இது. மூலக்கூற்றில் மூன்று வளையங்கள் இருத்தலால் இவற்றை முவ்வளைய மருந்துகள் என்பர். மனச்சோர்வுக்கு மாத்திரமன்றி, நீரிழிவால் எரியும் காலுக்கும், ஒற்றைத் தலையிடி வராமற் காக்கவும் சிறிய அளவில் இதனைக் கொடுக்கின்றனர். ஆதலால் இது சிலரின் காரியமன்று. நம் வீடுகள் பலவற்றின் காரியம்.

இம்மருந்தை யாம் பழிக்கவில்லை. மனநோயாளரை 'அங்கொடைக்கு அனுப்பு' என்று எள்ளிய காலம் ஒன்றிருந்தது. இன்று யாழ்ப்பாணத்திலும் தெல்லிப்பழையிலும் நம் மொழியிலேயே மனநல வைத்தியம் கிடைக்கின்றது. 2009இல் போர் முடிந்தது. அது விதைத்த துயர் முடியவில்லை. அத்துயருக்கு மருந்து வேண்டும். மருந்தோடு அறிவும் வேண்டும் என்பதே நம் வழக்கு.

அவ்வறிவு யாது? இக்குளிசை உடனே பலன் தராது. இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் செல்லும். பொறுமையிழந்து அளவைத் தாமே கூட்டுதல் ஆகாது. குணமாயிற்றென்று திடீரென நிறுத்துதலும் ஆகாது. வைத்தியர் சொற்படி படிப்படியாகவே குறைத்தல் வேண்டும். இரவிற் குடித்த குளிசையின் தூக்கம் காலையிலும் நிற்கலாம். உழவு இயந்திரம் ஓட்டும் கமக்காரனுக்கும், பனையேறும் தொழிலாளிக்கும், மோட்டார் சைக்கிளிற் கந்தோர் செல்லும் உத்தியோகத்தருக்கும் இதைச் சொன்னவர் யார்? கள்ளாயினும் சாராயமாயினும் இம்மருந்தோடு சேர்ந்தால் மயக்கம் பெருகும். முதியோர் படுக்கையிலிருந்து சட்டென எழுந்தால் இரத்த அழுத்தம் தாழ்ந்து விழக்கூடும். மெல்ல எழுதல் வேண்டும்.

இருதய நோய், வலிப்பு, கண்ணழுத்த நோய், சிறுநீர்த் தடை ஆகியவற்றுள் எது இருப்பினும் குளிசையைத் தொடங்குமுன் வைத்தியருக்குச் சொல்லுதல் வேண்டும். வேறு மனநோய் மருந்துகளையும், தடிமனுக்கும் நோவுக்கும் கடையில் வாங்கும் குளிசைகளையும் மறையாது காட்டுதல் வேண்டும்.

இவையனைத்திலும் பெரிது ஒன்றுண்டு. அளவு மீறினால் இம்மருந்து இருதயத் துடிப்பைக் குலைக்கும், வலிப்பையும் உண்டாக்கும். குழந்தைக்குச் சில குளிசைகளே ஆபத்தாகும். ஆகவே பெட்டியிற் பூட்டி, வீட்டார் ஒருவர் பொறுப்பில் வைத்தல் வேண்டும். இளவயதினர் சிலருக்குத் தொடக்க வாரங்களில் உயிரை வெறுக்கும் எண்ணம் கூடலாம். அந்நாட்களில் அவரைத் தனியே விடாது, வைத்தியருக்கும் அறிவித்தல் வேண்டும். எவரேனும் அளவு மீறி உட்கொண்டால், பார்வைக்குச் சுகமாயிருப்பினும் காத்திராது 1990ஐ அழைத்து வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுதல் வேண்டும்.

காவல் பயன் தருமா என்று ஐயுறுவோர் நம் தோட்டங்களைப் பார்க்கட்டும். 1995இல் இலங்கையில் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தம்முயிரை மாய்த்தனர். கொடிய பூச்சிகொல்லிகள் ஒவ்வொன்றாகத் தடுக்கப்பட்டன; 2005இல் அத்தொகை ஏறத்தாழப் பாதியாயிற்று. துயர் அற்றுப்போகவில்லை, நஞ்சு கைக்கெட்டாது போயிற்று. அதனால் ஆயிரமாயிரம் உயிர் தப்பின. பூச்சிகொல்லிக்குப் பொருந்திய நியாயம் குளிசைக்குப் பொருந்தாதோ?

'எல்லாவற்றையும் சொன்னால் நோயாளி பயந்து மருந்தையே விட்டுவிடுவான்' என்பர் சிலர். சொல்லாது விட்டாலன்றோ விடுகிறான்! வாய் உலர்கிறது, மலம் கட்டுகிறது. காரணம் தெரியாமற் குளிசையை எறிகிறான். முன்கூட்டி அறிந்தவன் தண்ணீர் குடித்துப் பொறுத்துக்கொள்வான். 'வைத்தியருக்கு நேரமில்லை' என்பர் வேறு சிலர். மெய்தான், வரிசையின் நீளத்தை யாமும் அறிவோம். நேரமில்லாத இடத்திற்றான் அச்சிட்ட தாள் வேண்டும். ஒரு தாளை ஒரு முறை எழுதினாற் போதும். அது ஆயிரம் பேரோடு பேசும்.

சட்டம் நம் பக்கம் இல்லையா? 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. 1987இன் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கிற்று. 1988இன் பதினாறாம் திருத்தம் வடக்கிலும் கிழக்கிலும் தமிழை நிர்வாக மொழியாக்கிற்று. அரசாங்க வைத்தியசாலையின் மருந்து யன்னல் அரசாங்கத்தின் யன்னல் அன்றோ? 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் மருந்துகளை ஒழுங்குபடுத்த ஓர் அதிகாரசபையையே நிறுவியிருக்கின்றது. அதிகாரம் இருக்கின்றது, சட்டம் இருக்கின்றது, இல்லாதது கேட்கும் வாய்.

ஆதலின் நம் கோரிக்கை மூன்று. மருந்து உறையில் பெயரும் அளவும் நேரமும் தெளிந்த தமிழில் இருத்தல் வேண்டும். இத்தகைய மருந்துகளோடு ஒரு பக்கத் தமிழ் எச்சரிக்கைத் தாள் தருதல் வேண்டும். ஒரே முறையிற் பல மாதக் குளிசைகளை அள்ளிக் கொடாது, ஆபத்துள்ளோர்க்குச் சிறுகச் சிறுகக் கொடுத்தல் வேண்டும்.

ஆசிரியர்களே, வைத்தியர்களே, சட்டத்தரணிகளே! அத்தாளை எழுதும் தமிழும் அறிவும் உங்களிடம் உள. கமக்காரப் பெருமக்களே! உரப்பையின் வாசகத்தை வாசித்துக் கேட்கும் நீங்கள், பிள்ளையின் குளிசை உறையையும் வாசித்துக் கேளுங்கள். மருந்து யன்னலின் முன் நின்று, 'இது என்ன மருந்து? எதனோடு சேராது? எப்போது நிறுத்துவது?' என்னும் மூன்று கேள்விகளைக் கேட்காது வீடு திரும்பாதீர்கள். அது உபகாரம் கேட்பதன்று, உரிமை கேட்பது.