சட்டம் அறியாத சனநாயகமும் சனநாயகம் அறியாத சட்டமும்

எமது கலைப்பீடங்களில் அரசறிவியல் ஒரு துறையாகவும் பொருளியல் பிறிதொரு துறையாகவும் தத்தம் எல்லைகளைக் காத்து நிற்கின்றன. சட்டமோ பெரும்பாலும் வேறொரு வாசலுக்கு உரியதென ஒதுக்கப்பட்டுள்ளது. சனநாயகம், அபிவிருத்தி, சட்டம் ஆகிய மூன்றையும் ஒன்றிணைத்து நான்காண்டுச் சிறப்புப் பட்டப் பாடநெறி ஒன்று அமைய வேண்டும் எனக் கூறின், உடனே மூன்று ஆட்சேபங்கள் எழுகின்றன. சட்டம் சட்டத்தரணிகளுக்கே உரியது என்பது முதலாவது. இத்தகைய பட்டம் தொழில் தராது என்பது இரண்டாவது. இதனை ஆங்கிலத்திலன்றிக் கற்பிக்க இயலாது என்பது மூன்றாவது. இவை மூன்றும் தவறானவை என்பதே எமது வாதம். அதற்கு மாத்தளை மாவட்டத்தின் வரலாறே போதிய சான்றாகும்.

1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உரிமை நிரூபிக்கப்படாத காடுகளையும் தரிசு நிலங்களையும் அரசின் சொத்தாகக் கொண்டது. தலைமுறை தலைமுறையாகச் சேனை செய்தவர்களின் கையில் உறுதிப்பத்திரம் ஏது? நிலம் கோப்பித் தோட்டங்களாயிற்று. அத்தோட்டங்களுக்கெனத் தமிழகத்திலிருந்து தருவிக்கப்பட்டவர்கள் மன்னார்க் கரையிலிருந்து காட்டுவழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்தனர். வழியில் மாண்டோர் பலர். 1848இல் துப்பாக்கிக்கும் நாய்க்கும் கடைக்கும் வரி விதிக்கப்பட்டது. வீதி வேலைக்கு ஆண்டில் ஆறு நாள் கட்டாய உழைப்பு, இன்றேல் பணம் என விதியாயிற்று. மாத்தளை கிளர்ந்தெழுந்தது. இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டு, புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டான். இங்கே சட்டம் எங்கே முடிகின்றது, பொருளாதாரம் எங்கே தொடங்குகின்றது? கிராமத்துச் சிங்கள விவசாயியின் நிலத்தைப் பறித்ததும், தமிழ்த் தொழிலாளியை லயன் அறையில் அடைத்ததும் ஒரே கொள்கையின் இரு கரங்களே. இதனை எந்தத் துறை கற்பிக்கின்றது?

சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 1948இன் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. 1947 தேர்தலில் மலையகத்தில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றிருந்தது. பிரசாவுரிமை இழந்தோரின் வாக்குரிமையும் 1949இல் பறிபோயிற்று. 1952 தேர்தலில் அக்காங்கிரஸின் சார்பில் ஒருவரேனும் பாராளுமன்றம் செல்லவில்லை. சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு, ஒரு சமூகத்தை மட்டும் பாதிக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றலாகாது என விதித்திருந்தது. ஆயினும் கோடகன் பிள்ளை வழக்கில் 1953இல் தீர்ப்பளித்த பிரித்தானியக் கோமறைக் கழகம் இச்சட்டங்கள் செல்லுபடியாகும் என்றே முடிவு செய்தது. சட்டத்தின் வாசகத்தில் எந்தச் சமூகத்தின் பெயரும் இல்லை, வாழ்க்கையிலோ இருந்தது. வாசகத்தை மட்டும் கற்ற மாணவன் தீர்ப்பைச் சரியென்பான். தேர்தல் எண்களை மட்டும் கற்றவன் வாக்குகள் எவ்வழியாக மறைந்தன என்பதை அறியான். கூலியையும் விளைச்சலையும் மட்டும் கற்றவனுக்கு, வாக்கற்ற தொழிலாளியின் கூலி ஏன் உயரவில்லை என்பது விளங்காது. மூவரும் பட்டதாரிகளே, எனினும் உண்மையை முழுதாக அறிந்தவர் எவருமிலர்.

இது பழங்கதை என்போருக்கு ஒன்று கூறுவோம். 1988ஆம், 2003ஆம் ஆண்டுச் சட்டங்கள் நாடற்றோர் பிரச்சினைக்குத் தீர்வு கண்டன. ஆனால் 1987இன் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபையின் நிதியைச் செலவிடத் தடையாகவே பொருள்கொள்ளப்பட்டு வந்தது. இரத்தோட்டையிலோ உக்குவளையிலோ தோட்டத்தில் வாழ்பவர் வாக்களிக்கலாம். தாம் தெரிவு செய்த உறுப்பினரிடம் லயனுக்குச் செல்லும் பாதையைத் திருத்தித் தருமாறு கேட்டால், அதிகாரமில்லை என்பதே விடை. அப்பிரிவு திருத்தப்பட்டது 2018இல். முப்பத்தொரு ஆண்டுகள் கழித்து! திருத்தத்தின் பின்னரும், தாம் வாழும் நிலம் தமக்குரியதாகாத குடும்பங்கள் இன்றும் உள்ளன. வாக்கு கிடைத்தும் பாதை கிடைக்காத இந்நிலையைச் சனநாயகம் என்பதா, அபிவிருத்தி என்பதா?

தமிழரின் குறை மட்டுமே இதுவென எண்ண வேண்டா. இதே மாவட்டத்தில் மொரகஹகந்தை, களுகங்கை நீர்த்தேக்கங்களுக்காகப் பழைய லக்கலைப் பகுதியின் சிங்களக் கிராம மக்கள் இடம்பெயர்ந்தனர். வடமத்திக்கு நீர் தேவை என்பதை மறுப்பாரில்லை. ஆயினும் எவருடைய நிலம், எவருடைய சம்மதம், எத்தகைய இழப்பீடு என்னும் வினாக்கள் பொறியியலால் மட்டும் விடையளிக்கத்தக்கவை அல்ல. லயனில் வாழ்பவரும் லக்கலையில் வாழ்ந்தவரும் ஒரே வகுப்பறையில் ஆராயப்படும் நாளில்தான் எமது கல்வி இனவேலிகளைத் தாண்டும்.

இனி ஆட்சேபங்களுக்கு வருவோம். சட்டம் சட்டத்தரணிகளுக்கு உரியதாயின், அதனால் நிலமிழந்தவரும் வாக்கிழந்தவரும் யாருக்கு உரியவர்? தொழில் தராது என்கின்றனர். இன்று கலைப் பட்டதாரிகள் பலர் அபிவிருத்தி உத்தியோகத்தராகவே நியமனம் பெறுகின்றனர். பிரதேச செயலகத்தில் அமரும் அவர்களுக்கு ஒரு காணி உத்தரவுப்பத்திரத்தையோ, சபைச் சட்டத்தின் ஒரு பிரிவையோ படித்து விளக்கத் தெரியாவிடில், பதவியின் பெயரில் மட்டும் அபிவிருத்தி இருந்து என்ன பயன்? மொழியைப் பொறுத்தவரை, சட்டங்களால் துன்புற்ற மக்கள் தமிழிலும் சிங்களத்திலுமே துன்புற்றனர். அவர்களுக்குப் புரியும் மொழியில் பேச இயலாத பட்டதாரி அவர்களுக்கு இன்னொரு துரையே. ஆங்கிலத்தை நன்கு கற்போம். அதை வாயிற்காவலனாக்குவதை எதிர்ப்போம்.

இதற்கு மாறாக, இப்பாடநெறி மேலைநாட்டுக் கோட்பாடுகளை மனனஞ் செய்யும் குறிப்புப் புத்தகமாகவும், அறிக்கை எழுதுவோரை உருவாக்கும் பட்டறையாகவும் அமையுமாயின் அது தொடங்கப்படாதிருத்தலே நன்று. முதலாம் ஆண்டிலேயே மாணவர் தோட்டத்துக்கும் கிராமத்துக்கும் பிரதேச சபைக்கும் செல்ல வேண்டும். தீர்ப்பையும் வரவுசெலவுத் திட்டத்தையும் வாக்காளர் இடாப்பையும் ஒரே மேசையில் வைத்துப் படிக்க வேண்டும். தோட்டப் பாடசாலைகளிலிருந்து வரும் மாணவர் ஆய்வுப் பொருளாக அன்றி, ஆய்வாளராக அங்கு இடம்பெற வேண்டும்.

விரிவுரையாளர்களே, பாடத்திட்டக் குழுக்களில் அமர்ந்திருப்போர் நீங்கள். மாணவர்களே, கோரிக்கை எழுப்ப வேண்டியோர் நாம். 1840இலும் 1948இலும் சட்டம் எழுதியோர், நிலத்தையும் வாக்கையும் கூலியையும் ஒன்றாகவே கணக்கிட்டனர். அவற்றைப் பிரித்துப் படிப்பவர்கள் நாம் மட்டுமே. அந்த அறியாமையைப் பட்டமாகச் சூட்டிக்கொள்ளும் வழக்கம் எம் காலத்துடன் ஒழிக.