குடியானவனுக்கு உபதேசமா? பரீட்சையா?

மண்ணுக்கு உயிரூட்டும் விவசாயம் என்பதாக ஒரு பேச்சு இப்பொழுது எங்கும் அடிபடுகின்றது. அதாவது நிலத்தை வெறுமனே வெயிலில் காயவிடாமல் ஏதேனும் ஒரு பயிரால் மூடிவைப்பதும், உழவைக் குறைப்பதும், நெல்லுக்குப் பின் உளுந்து, பயறு என்று மாற்றிப் பயிரிடுவதும், தக்கைப்பூண்டு, சணப்பு விதைத்து மடக்கி உழுவதும், கடை உரத்தையும் பூச்சி மருந்தையும் படிப்படியாகக் குறைப்பதுமேயாகும். இதில் நமக்கு ஆட்சேபணை யாதொன்றுமில்லை. பயறுவகைகளின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்கு உணவாக்கித் தருவது பிரத்தியட்சமாய்க் கண்ட உண்மை.

ஆனால் நாம் கேட்பது என்னவென்றால், இதைக் குடியானவனுக்கு யார், எப்படிச் சொல்லிக்கொடுக்கின்றார்கள் என்பதுதான்.

சர்க்கார் சொல்லிக்கொடுத்த விதத்தை இலங்கையில் பார்த்தோம். 2019-ஆம் வருஷத் தேர்தலில், பத்து வருஷத்தில் நாட்டை இயற்கை உரத்திற்கு மாற்றுவதாக வாக்குக் கொடுத்தவர்கள், 2021 மே மாதத்தில் ரசாயன உர இறக்குமதியை ஒரே உத்தரவில் நிறுத்தினார்கள். குடியானவனிடம் போதிய மாற்று உரமும் இல்லை, பழக்கமும் இல்லை. நெல்லும் தேயிலையும் குறைந்தன. அரிசியை வெளிநாட்டில் வாங்க நேர்ந்தது. அவ்வருஷம் நவம்பரிலேயே உத்தரவு வாபஸாயிற்று. நல்ல காரியத்திற்குக் கெட்ட பெயர் வந்ததுதான் மிச்சம்.

மற்றொரு கூட்டத்தார் இருக்கின்றார்கள். "முன்னோர்கள் செய்தார்கள், நீயும் செய், ஏன் என்று கேளாதே" என்பதே இவர்கள் பாடம். உரக்கடைக்காரனும் டப்பாவைக் காட்டி "கேளாமல் அடி" என்றுதானே சொன்னான்? புரோகிதன் மாறினானே ஒழிய மந்திரம் மாறவில்லை.

பின் என்னதான் வழி என்றால், இந்தோனேசியாவைப் பாருங்கள். அங்கே சர்க்காரே மானியம் கொடுத்துப் பூச்சி மருந்தை அடிக்கச் செய்தது. மருந்து, புகையானைத் தின்னும் சிலந்தியைக் கொன்றது, புகையானோ பெருகிற்று. 1986-இல் 57 மருந்துகளை நெல்லுக்கு அடிக்கலாகாதெனத் தடுத்தார்கள். ஆனால் தடையோடு நின்றுவிடவில்லை. 1989 முதல் வயலிலேயே பள்ளி வைத்தார்கள். சுமார் 25 குடியானவர்கள் ஒரு போகம் முழுவதும் வாரம் ஒருமுறை கூடுவார்கள். ஒரு துண்டில் வழக்கப்படி சாகுபடி. பக்கத்துத் துண்டில் பார்த்துப் பார்த்து முடிவு செய்யும் சாகுபடி. பூச்சிகளை எண்ணுவார்கள், படம் எழுதுவார்கள், தர்க்கம் செய்வார்கள். "இது என்ன பூச்சி?" என்று கேட்டால், ஆசிரியர் "அது என்ன செய்வதைப் பார்த்தாய்?" என்று திருப்பிக் கேட்பார். புகையானையும் சிலந்தியையும் ஒரே கூண்டில் விட்டு, எது எதைத் தின்கின்றதென்று தாங்களே கண்டார்கள். இதுவல்லவா படிப்பு? கண்ணால் கண்டவனை எந்த வியாபாரியும் ஏமாற்ற முடியுமா?

நிற்க, நம் நாட்டில் இப்படிப் பள்ளி வைத்தாலும் யாரைக் கூப்பிடுவார்கள்? பட்டா உள்ளவரைத்தான். வாய்ப்பேச்சில் குத்தகை எடுத்தவன், அடுத்த வருஷம் நிலம் தன்னிடம் இருக்குமா என்று அறியாதபோது, யாருக்காக மண்ணைத் திருத்துவான்? களைக்கொல்லியை நிறுத்தினால் குனிந்து களை பறிக்கப்போவது யார்? பெரும்பாலும் கூலிப் பெண்கள்தானே! அவர்களுக்கு இப்பள்ளியில் இடமும், ஏறுகின்ற வேலைக்கு ஏற்ற கூலியும் உண்டா? மாறுகின்ற முதல் சில போகங்களில் மகசூல் குறையக்கூடும். அந்த நஷ்டத்தைக் கடன்பட்டவன் தலையில் கட்டிவிட்டு, "நிலத்தாயைக் காப்பாற்று" என்று அவனுக்கு உபதேசிப்பது யோக்கியமாகுமா?

ஆகவே சர்க்காருக்கு நாம் சொல்லுவது இதுதான். குத்தகைக்கு எழுத்தும் காலவரையறையும் கொடுங்கள். மாறும் காலத்து நஷ்டத்தில் பங்கு எடுத்துக்கொள்ளுங்கள். வயலில் குனிகின்ற ஒவ்வொருவரையும் பள்ளிக்குக் கூப்பிடுங்கள்.

குடியானத் தோழர்களே! யார் சொன்னாலும், நாம் சொன்னாலுங்கூட, அப்படியே நம்பிவிடாதீர்கள். கால் காணியில் செய்து பாருங்கள். பக்கத்தில் பழைய முறையும் இருக்கட்டும். செலவையும் விளைவையும் எழுதி வைத்து, பிறகு உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதைச் செய்யுங்கள்.